இடது அடுப்பு

என் அண்ணன் பத்தொன்பது வருஷம் கழித்து வீட்டுக்குத் திரும்பியபோது அவன் பெட்டியில் நாலு சட்டையும், அம்மாவுக்கு ஒரு கம்பளிப் போர்வையும், அவனுக்கு மூக்கு வேலை செய்யவில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த ஒரு காகிதமும் இருந்தன. சட்டைகளையும் போர்வையையும் காட்டினான். காகிதத்தைக் காட்டவில்லை.

அவன் கடல் கடந்து போனது ரசாயனத் தொட்டி கழுவும் வேலைக்கு. லாரி அளவு இரும்புத் தொட்டி, மேலே ஒரு ஆள் நுழையும் ஓட்டை. இடுப்பில் கயிறு கட்டி உள்ளே இறக்குவார்கள். சுவரில் ஒட்டிய கசடைச் சுரண்டி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி மேலே வர முக்கால் மணி நேரம் ஆகும். முகமூடி உண்டு. அதன் வடிகட்டியை வாரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்; இவர்களுக்கு மாதத்துக்கு ஒன்றுதான் கொடுத்தார்கள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன் என் அண்ணன். கொடுத்ததை மாட்டிக்கொண்டு இறங்கினான். முதலில் சோப்பு வாசனை போனதாம், அப்புறம் வியர்வை, கடைசியில் சாப்பாடு. நாக்கும் கூடவே போய்விட்டது. எதைத் தின்றாலும் ஈர அட்டையைத் தின்கிற மாதிரி இருக்கும் என்று பிற்பாடு சொன்னான்.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. வாராவாரம் போனில் அவன் பேசியது முழுக்கச் சாப்பாட்டைப் பற்றித்தான். "இன்னிக்கு என்னம்மா சமையல்?" என்று கேட்டால் போதும், எண்ணெயில் வெங்காயம் எப்போது விழுந்தது என்பது வரைக்கும் அம்மா ஒப்பிப்பாள். "சீக்கிரம் வா பெரியவனே, உன் தட்டு அப்படியே இருக்கு" என்று முடிப்பாள். உண்மையாகவே இருந்தது. அதில் வேறு யாரும் சாப்பிடக் கூடாது. என் வீட்டுக்காரருக்கே அந்தத் தட்டு கிடைக்கவில்லை. அந்த மனுஷன் கல்யாணமான மூன்றாம் வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் எங்களை விட்டுப் போய்விட்டார். தட்டு மட்டும் இருந்தது.

அவன் வருவதற்கு மூன்று வருஷம் முன்னால் அம்மா சமையலறையில் விழுந்தாள். வலது பக்கம் செயலிழந்தது, பேச்சும் போனது. அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவுக்கு ருசி மட்டும் துளியும் குறையவில்லை. ஒரு சிட்டிகை உப்பு குறைந்தாலும் உதட்டைப் பூட்டிவிடுவாள். திணித்தால் என் கைமேலேயே துப்புவாள். நான் தையல் தொழிற்சாலையில் செக்கிங் மேஜையில் இருக்கிறேன். ஒரு நாளைக்கு அறுநூறு சட்டைகளைத் திருப்பிப் பார்த்து, ஒரு தையல் விட்டிருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறவள். வீட்டில் எனக்கு ஸ்டிக்கர் ஒட்ட அம்மா இருந்தாள்.

அண்ணன் வந்த அன்றே அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தத் தட்டோடு உட்கார்ந்தான். மீன் வறுத்திருந்தேன். "அப்படியே அம்மா கைப்பக்குவம்" என்றான். அம்மாவின் கண் தட்டிலேயே இருந்தது. அப்புறம் அவன் கரண்டியை எடுத்து அவளுக்கு ஊட்டினான். கேட்காமலே வாயைத் திறந்தாள். நானும் மூன்று வருஷமாக அதே கரண்டியில்தான் ஊட்டினேன். எனக்கு வயிறெரிந்தது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோழிக் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். அண்ணனுக்குத் தட்டில் பரிமாறிவிட்டு, அம்மா வாயில் ஒரு கரண்டி விட்டேன். பூட்டிக்கொண்டாள். நான் தொட்டு நாக்கில் வைத்தேன், வெறும் தண்ணீர். 'இரு அண்ணா, உப்பு எடுத்துட்டு வரேன்' என்று சொல்லத் திரும்பினேன். அவன் பாதித் தட்டைக் காலி செய்துவிட்டு விரலை நக்கிக்கொண்டிருந்தான். "செத்துக் கிடந்த நாக்குக்கு இன்னிக்குத்தான் பாப்பா உயிர் வந்துச்சு" என்றான். நான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சமையலறைக்குள் இழுத்துப் போய்க் கேட்டேன். கொஞ்ச நேரம் பூசி மெழுகினான். அப்புறம் காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"அப்போ இத்தனை நாளா நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொன்னது?"

"உன் முகத்தைப் பாத்துச் சொன்னேன்."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அம்மாவுக்குத் தெரிய வேணாம் பாப்பா. பத்தொன்பது வருஷமா அந்தத் தட்டை யாருக்கும் கொடுக்காம வச்சிருந்தா. அதுல சாப்பிட்டும் எனக்கு ஒண்ணுமே தெரியலைன்னா, இருக்கிற உசிரும் போயிடும்."

சரி என்றேன். ஆனால் மதியம் அம்மாவுக்கு ஊட்டுவது அவன்தான். காலை ஆறே முக்காலுக்குத் தொழிற்சாலை வேன் வந்துவிடும், நான் போயாக வேண்டும். இந்த உடம்பு ஒரு பேதியைக்கூடத் தாங்காது, அன்றன்றைக்குச் சமைத்ததை மட்டும் கொடுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கெட்டுப்போனது எது என்று மூக்கில்லாதவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன்.

"இடது அடுப்புல இருக்கிறதுதான் அம்மாவுக்கு. வேற எதையும் தொடாதே. மோந்து பாக்கிறேன், ருசி பாக்கிறேன்னு ஒண்ணும் வேணாம். இடது அடுப்பு. அவ்வளவுதான்."

தொட்டிக்குள் இறங்கும்போது கயிற்றை நம்பின மாதிரி அவன் இதை நம்பினான். தினமும் காலையில் கோழியும் உருளைக்கிழங்கும் வேகவைத்து மசித்து, சின்னப் பாத்திரத்தில் சூப்பாக இடது அடுப்பில் வைத்துவிட்டுப் போவேன். ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

அப்புறம் வெயில் காலம் வந்தது. பெரிய ஆர்டர் ஒன்றுக்காகத் தொழிற்சாலையில் எங்களைப் பிழிந்தெடுத்தார்கள். ஒரு நாள் அம்மா பாதி சூப்தான் குடித்திருந்தாள். வேலை முடிந்து வந்தவள் மிச்சத்தைக் கொட்டாமல் அப்படியே சாய்ந்துவிட்டேன். மறுநாள் எழுந்ததே தாமதம். சின்னப் பாத்திரம் காலியில்லாததால் புதுச் சூப்பை வேறு பாத்திரத்தில் வலது அடுப்பில் வைத்தேன். பழசைக் கொட்டிவிட்டு இடம் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் வேன்காரன் ஹாரன் அடித்தான். ஹாரன் சத்தம் கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. ஓடிவிட்டேன்.

அன்றைக்கு நாற்பத்தொரு சட்டைகளைத் திருப்பி அனுப்பினேன். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சொன்னார். சந்தோஷமாக இருந்தது. அடுப்பின் ஞாபகம் ஒரு நிமிஷம்கூட வரவில்லை.

சாயங்காலம் கதவைத் திறந்தபோதே ஒரு புளித்த வாடை முகத்தில் அடித்தது. அண்ணன் முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தான்.

"பாப்பா, அம்மா இன்னிக்கு ஒரு சொட்டு மிச்சம் வைக்கலை. முதல் வாய்க்கு என்னை ஒரு மாதிரி பாத்தா. அப்புறம் அவளே வாயைத் திறந்துகிட்டே இருந்தா."

வலது அடுப்பில் என் சூப் மூடி திறக்காமல் இருந்தது. சின்னப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்திருந்தான். அம்மாவின் மார்பில் போட்டிருந்த துண்டை எடுத்து முகர்ந்தேன். அதே புளித்த வாடை.

ஏழு மணிக்கு வாந்தி ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். எப்போதும் கொடுக்கும் சூப்தான் என்றான் அண்ணன். நான் தரையைப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலையில் அம்மா போய்விட்டாள்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது உறைத்தது. ஒரு சிட்டிகை உப்புக்கு வாயைப் பூட்டுகிறவள், கெட்டுப்போன சூப்பை எப்படிக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்? அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அண்ணனைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அப்போது அம்மா யாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்? அதே குழம்புக்குத்தான் அவள் வாயைப் பூட்டியிருந்தாள். இரண்டடி தூரத்தில் அவன் விரலை நக்கிக்கொண்டிருந்தான். எனக்குத் தெரிந்த நிமிஷமே அவளுக்கும் தெரிந்திருக்கிறது. கெட்ட சூப்பை ஊட்டிய மதியம் அவள் வாயைப் பூட்டியிருந்தால் அவன் ஏன் என்று யோசித்திருப்பான், தன் மூக்கைப் பற்றி அவளுக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்திருப்பான். அதற்காகத் திறந்துகொண்டே இருந்திருக்கிறாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என் கைமேல் துப்பத் தெரிந்தவளுக்கு அவன் கைமேல் துப்பத் தெரியவில்லையா?

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன மறுநாள் மதியம், அண்ணனுக்கு அவன் தட்டில் சோறு போட்டேன்.

"இடது அடுப்புல இருந்ததைத்தானே நான் கொடுத்தேன்?" என்றான்.

"ஆமாண்ணா. நீ சரியாத்தான் கொடுத்தே. நான்தான் பழசை எடுக்காம போயிட்டேன்."

அவன் என்னைத் திட்டியிருக்கலாம். நாலு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். வெகு நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"வேன் வந்திருக்கும்" என்றான்.

ஒரு வாய் சாப்பிட்டான். அப்புறம் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "என் மூக்கு விஷயம் கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாமலே போச்சு. எனக்கு அது ஒண்ணுதான் நிம்மதி பாப்பா. தெரியாதுதானே?"

"தெரியாதுண்ணா" என்றேன், அவன் முகத்தைப் பார்த்து.