பாங்குக்கு முன் நின்ற பாட்டு

“குருத்தோலை ஞாயிறு, மாலை ஆராதனை. அத்தான் மூன்றாவது பாட்டின் நடுவில் நிறுத்தினார். பாங்கு சொல்ல இன்னும் நேரம் இருந்தது.”

அன்றைய என் நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான். நான் அந்தச் சபையில் கீபோர்ட் வாசிப்பவன். பாடி ஆராதனை நடத்தியவர் என் அக்காவின் கணவர். கல்முனையில் எங்கள் சபைக்கும் பள்ளிவாசலுக்கும் இடையில் ஒடுங்கிய ஓர் ஒழுங்கைதான் உண்டு. அங்கே தொழுகைக்கு அழைக்கும் பாங்கு தொடங்கினால் அத்தான் மைக்கை நிறுத்திவிட்டுக் கண்களை மூடி நிற்பார். சபை மௌனமாக ஜெபிக்கும். பாங்கு முடிந்ததும் விட்ட சொல்லிலிருந்தே பாட்டை எடுப்பார். யாரும் போட்ட சட்டமல்ல. அவராகக் கொண்டுவந்த வழக்கம்.

ஆகவே அன்று அவர் நின்றதும் எல்லோரும் தலை குனிந்தார்கள். பாங்கு வரவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தபோது அவருடைய வாய் அசைந்துகொண்டிருந்தது. சத்தம் இல்லை.

அத்தான் பகலில் வீடுகளுக்கு வயரிங் செய்வார். மாலையில் நாவிதன்வெளி, திருக்கோவில், பொத்துவில் என்று எங்கே ஜெபக்கூட்டம் என்றாலும் மோட்டார் சைக்கிளில் போய்ப் பாடுவார். இழவு வீடுகளில் அவர் பாடத் தொடங்கிய பிறகுதான் சிலருக்கு அழுகையே வரும். இரண்டு சீடி வெளியிட்டார். பிறகு எல்லாம் போன் வீடியோதான்.

அந்த ஞாயிறுக்குப் பிறகு அத்தானின் தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்த டொக்டர், குரல்நாணில் ஒரு தடிப்பு இருக்கிறது, மட்டக்களப்புக்குப் போய்ச் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும், தள்ளிப்போட வேண்டாம் என்றார்.

எங்கள் சபையில் சுகத்துக்காக ஜெபித்தால், அது கிடைத்துவிட்டது என்றே சாட்சி சொல்ல வேண்டும். இனிமேல் கிடைக்கும் என்று சொல்வது அவிசுவாசம். சில வாரங்களில் அத்தானும் எழுந்து, கரகரத்த குரலில் மைக்கில் சொன்னார்: “கர்த்தர் என்னைச் சுகமாக்கிட்டார்.” கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. அந்த வீடியோ அன்றைக்கே கனடா வரை போய்விட்டது.

வீட்டில் அக்கா கேட்டாள். “சுகமெண்டா ஏன் கஞ்சியும் இறங்குதில்ல?”

“மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக் கிளினிக்கில நம்மட சபைப் பிள்ளைகள் ரெண்டு பேர் வேலை செய்றாங்க. நான் போய் வரிசையில இருந்தா, சொன்னதெல்லாம் பொய்யெண்டு ஆகாதா? வெக்கம் எனக்கில்ல, ஆண்டவருக்கு.”

“ஆண்டவர்ர மானத்த நீங்களா காப்பாத்துறீங்க?”

அவர் கஞ்சிக் கோப்பையை மூடி வைத்தார்.

பக்கத்துச் சாய்ந்தமருதில் ஆட்டோ ஓட்டும் முஸ்லிம் நண்பர் ஒருவர் அவருடன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவர் வந்து, “வா மச்சான், நான் கொண்டு போறன். சால்வையால தலைய மூடிக்க, மௌலவியெண்டு நினைப்பானுகள்” என்றார். அத்தான் சிரித்தார், தோள் மட்டும் குலுங்கியது. இருவரும் போனார்கள். அன்று பின்னேரம் ஆட்டோக்காரர் என்னிடம் சொன்னார்: “ஆஸ்பத்திரி வாசல்ல இறங்கினான். கேட்டுக்குள்ள கால் வைக்கல்ல. வாய் வலிக்கக் கதைச்சுப் பாத்தன். மறுகா, ‘திருப்பு மச்சான்’ எண்டான்.”

கார்த்திகை மழை தொடங்கியபோது மூச்சு விட முடியாமல் போன அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கழுத்தில் துளை போட்டார்கள். அதற்குப் பிறகு அவர் எழுந்து நிற்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் இறந்தார். பாஸ்டர் என் கையைப் பிடித்து, “ஆஸ்பத்திரிக்குப் போக வேணாமெண்டு நான் ஒருநாளும் சொல்லல்லயே, தம்பி” என்றார். உண்மைதான். யாரும் சொல்லவில்லை.

அடக்கத்தன்று பாட ஆளில்லை. அவருடைய பழைய பதிவையே ஸ்பீக்கரில் போட்டோம். நடுவில் பின்னேரத்து அஸர் பாங்கு தொடங்கியது. பதிவு நிற்காமல் பாடிக்கொண்டே இருந்தது. அக்காதான் முதலில் கவனித்தாள். “நிப்பாட்டு தம்பி. அவர் நிப்பாட்டியிருப்பார்.” நிறுத்தினேன். வெளியே ஆட்டோவில் சாய்ந்து நின்ற அவருடைய நண்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாங்கு முடிந்ததும் விட்ட சொல்லிலிருந்து போட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. ஆட்டோவில் போய்த் திரும்பிய பிறகு, அந்த வருடப் பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு அடுத்த வாரம், அத்தான் தனியாக பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போய் இருட்டும் நேரத்தில் திரும்பினார். அதற்குப் பிறகும் இரண்டு முறை சுகமானதாகச் சாட்சி சொன்னார். இரண்டும் வீடியோவில் உள்ளன. அன்று அவர் உள்ளே போய்ச் சோதித்து, நோயின் பெயரைத் தெரிந்துகொண்டுதான் வந்தார் என்கிறாள் அக்கா. மட்டக்களப்பு நகருக்குள் நுழையுமுன் வரும் கல்லடிப் பாலத்தில் நின்றுவிட்டுத் திரும்பியிருப்பான் என்கிறார் ஆட்டோக்காரர். இருவருமே அன்று அவருடன் இருக்கவில்லை. அன்று அவர் ஆஸ்பத்திரிக்குள் போனாரா என்பதை இதை எழுதும்வரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.