கட்டிதட்டிய சர்க்கரை

2005 வாக்கில் எழுதிய பி.எஸ்ஸி. கடைசி வருட வேதியியல் செய்முறைத் தேர்வை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வேறு யார் மேலும் இல்லை, என் மேல்தான்.

ஆளுக்கொரு பொட்டலம் சர்க்கரை கொடுப்பார்கள். குளுக்கோஸா, ஃப்ரக்டோஸா என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டும் எளிய சர்க்கரைகள். ஆறு கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன், ஆறு ஆக்சிஜன் என்ற கணக்கும் ஒன்றேதான். அணுக்கள் கோத்திருக்கும் விதம் மட்டும் வேறு. ரெசார்சினால் என்ற வேதிப்பொருளும் அமிலமும் சேர்த்துக் கொதிநீரில் வைத்தால் ஃப்ரக்டோஸ் ஒரு நிமிடத்தில் செக்கச்செவேலென்று ஆகிவிடும். குளுக்கோஸ் அசையாது.

இது தெரிந்தும், மூலக்குளத்தில் எங்கள் தெருவிலிருந்த சீனியர் அக்கா சொன்னதைத்தான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

"பிரிச்சதும் பாரு. கட்டிகட்டியா பிசுபிசுன்னு இருந்தா ஃப்ரக்டோஸ். நம்மூரு கடல்காத்து ஈரத்த அது தாங்காது. நாங்கல்லாம் அப்படித்தான் பாஸ் பண்ணோம்."

அந்தத் தேர்வில் தேறினால்தான் எம்.எஸ்ஸி. இடம். பொட்டலத்தைப் பிரித்தேன். கட்டிதட்டி ஈரமாக இருந்தது. அப்பாடா என்று விடையை எழுதிவிட்டுத்தான் சோதனைக் குழாயையே கையில் எடுத்தேன்.

ஒரு நிமிடம் ஆயிற்று, நிறம் வரவில்லை. மூன்று நிமிடம், அப்போதும் இல்லை. எரிச்சலாக வந்தது. அமிலம் பழசு, தண்ணீரில் சூடு போதவில்லை என்று எல்லாவற்றையும் மனதுக்குள் திட்டினேன். எழுதிய விடையை மட்டும் சந்தேகப்படவில்லை. பத்து நிமிடம் கொதித்தபின் சிவப்பு எட்டிப் பார்த்தது. விட்டேனா பார் என்று குழாயைத் தூக்கிக்கொண்டு, வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளரிடம் போனேன்.

"எவ்ளோ நேரம்மா கொதிக்க வச்ச?"

"பத்து நிமிஷம் சார்."

"அவ்ளோ நேரம் வச்சா குளுக்கோஸும்தான் செவக்கும். இந்தப் பொட்டலத்துக்கு எடுத்த புட்டில மூடி சரியில்ல, ஈரம் ஏறி கட்டியாயிடுச்சு. ஒரு நிமிஷத்துல என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல சார்."

"அதாம்மா பதிலு. அப்புறம் எதுக்கு வச்ச?"

குழாயை அவர் மேசையில் வைத்தேன்.

"செவப்பு வரணும்னுதான் சார்."

அந்த வருடம் எம்.எஸ்ஸி. சேர்ந்தவர்களில் நான் இல்லை.