ஊர்க் காசில் கணக்குப் பார்த்த தம்பி

என் ஒரே உடன்பிறப்பான தம்பி மறைந்து ஓராண்டு நிறைகிறது. உறவினர்களும் சிநேகிதர்களும் வீட்டில் வைத்திருக்க ஒரு நினைவு மலர் வேண்டும் என்று நானே எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் கல்வராயன் மலையிலிருந்து புளி மூட்டையைத் தலையில் சுமந்து இறக்கி, இன்று கள்ளக்குறிச்சியில் சொந்தமாக மண்டி வைத்திருக்கிறேன். ஒருவர் தயவும் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் பேனாவைப் பிடித்தேன்.

தம்பி பிறந்தது கச்சிராயபாளையத்துக்குப் பக்கம், மலை அடிவாரத்தில். அவன் தவழும்போதே அப்பா போய்விட்டார். அம்மாவும் நிலைக்கவில்லை. நான்தான் வளர்த்து, பத்தாவது வரை படிக்க வைத்தேன். எங்கள் வகையறாவில் முதலில் விமானம் ஏறியவன் அவன்தான். குவைத்தில் கட்டட வேலை, கம்பி கட்டுவது.

அங்கே எதை வாங்கப் போனாலும் நம்மூர்க் காசில் மாற்றிப் பார்ப்பானாம். ஒரு டீயின் விலையில் இங்கே ஒரு வீட்டுக்கே காலைப் பலகாரம் ஆகுமே என்று தோன்றும். குடிக்காமல் திரும்பிவிடுவான். விடுமுறையில் ஊருக்கு வந்தால் நேர் எதிர். மலையிலிருந்து சீத்தாப்பழம் கொண்டுவரும் அம்மாளிடம் பேரமே பேசாமல் கூடையோடு வாங்குவான்.

"ஏண்டா, கேட்ட வெலய அப்டியே குடுத்தா நாளைக்கி எனுக்கு எவன்டா கம்மி பண்ணுவான்?"

"போண்ணே, அங்க இந்தக் காசுக்கு ஒரு பழங்கூட வராது."

"அங்கத்திக் கணக்க அங்கியே வுட்டுட்டு வாடா."

சிரிப்பான். மெலிந்த முகத்தில் பல் மட்டும்தான் தெரியும்.

அவன் கடைசியாக வந்திருந்தபோதுதான் இடஒதுக்கீட்டுப் போராட்டம். ரோடெல்லாம் மரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. காய்கறி விலை கிடுகிடுவென ஏறியது. கடைக்குப் போன தம்பி வெறும் பையோடு வந்தான்.

"இன்னாண்ணே, நம்மூர்லயும் குவைத்து வெல சொல்றான்!"

"அப்ப இங்கியே இருந்துடு. ரெண்டும் ஒண்ணாயிடுச்சில்ல?"

விளையாட்டுக்குச் சொன்னதல்ல. மனைவியை இழந்தவன் நான். பிள்ளை இல்லை. இத்தனை பெரிய வீட்டைக் கட்டியும் பேச ஆளில்லை. மண்டியில் பாதியை அவனுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தேன்.

குறித்த நாளில் போகாவிட்டால் அவன் வேலை போய்விடும். மெட்ராஸ் ரோடு திறக்கவில்லை. மரங்கள் அப்படியே கிடக்கட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். தம்பி கேட்டான்:

"அண்ணே, மல ஏறி சேலம் பக்கமா எறங்க வழி இருக்குதா? அங்க ரயிலு ஓடுதாம்."

"இன்னாடா கேள்வி? கண்ணக் கட்டி வுட்டாலும் போவேன்."

வாயில் வந்துவிட்டது. அந்த மலையில் நடந்தே ஆளானவன், தெரியாது என்று எப்படிச் சொல்வேன்?

அவன் பெட்டியை என் தலையில் வைத்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினேன். வெள்ளிமலை தாண்டி ஒரு வீட்டில் தங்கினோம். சாமைச் சோறு போட்டார்கள். தம்பி கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவன் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. காலையில் காசை நீட்டினான். அந்த வீட்டம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சோத்துக்கு ஏதுப்பா வெல? நாங்க இன்னா விக்கிறமா?"

தம்பி காசை மடித்துப் பையில் போட்டான்.

கருமந்துறையில் சேலம் பஸ் நின்றிருந்தது. "அடுத்த வாட்டி வந்தா போவ மாட்டேண்ணே," என்று ஏறினான். வந்த மலையில் நான் தனியாகத் திரும்பினேன். கால் நோவு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சொன்னபடி, அடுத்த முறை வந்த தம்பி திரும்பிப் போகவில்லை. வயிற்றுப்புண் முற்றி, குவைத் ஆஸ்பத்திரியிலேயே கண்மூடினான். பெட்டியில் வந்தான். அறை நண்பர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு அனுப்பிவைத்தார்கள். அவர்களுக்கும், தோள் கொடுத்த ஊராருக்கும், பசியாற்றிய அந்த மலை வீட்டாருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

திவசத்தன்று மண்டி வாசலில் பந்தி போடுகிறேன். நானே பரிமாறுவேன். யாரும் போதும் என்று கையை மறிக்கக் கூடாது. சாப்பிட்டு எழுந்ததும் பஸ்ஸுக்கு ஓடிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து என்னோடு பேசிவிட்டுப் போங்கள்.