வண்டியின் பின்னால் நின்ற குரல்

எங்கள் தம்பியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகை தந்து இந்நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், குடும்பத்தின் மூத்தவள் என்ற உரிமையில் சில செய்திகளை முன்வைக்கிறேன். அவர் என்னிலும் வயதில் இளையவர். ஆயினும் இக்கட்டுரையில் அவரை மரியாதைப் பன்மையிலேயே குறிப்பிடுகிறேன். அவருடைய வாழ்க்கை அதற்குத் தகுதியானது.

தம்பி யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில், தபாலதிபராகக் கடமையாற்றிய எங்கள் தந்தையாருக்கும் தாயாருக்கும் கடைசி மகனாகப் பிறந்தார். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் சிறப்பாகச் சித்தியடைந்தார். நான் பல்கலைக்கழகம் சென்று பட்டம் பெற்றேன். அவருக்கு அந்த வாய்ப்பு வருவதற்குள் போர் வந்தது. ஜேர்மனிக்கு வந்து சேர்ந்த முதல் ஆண்டுகளை அகதி முகாமிலும், பின்னர் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுவதிலும் கழித்தார். நிரந்தர விசா கிடைத்த பிறகு, தன் வயதில் பாதியே ஆனவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்து தொழிற்பயிற்சி பெற்று, தேர்வெழுதி, சரக்குப் புகையிரத நிறுவனமொன்றில் சாரதியானார். அத்தேர்வில் அவர் எவருடைய தயவாலும் சித்தியடையவில்லை என்பதை இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

அவருடைய பணியைப் பற்றி நம்மவர் பலருக்குத் தெளிவில்லை. உருக்குச் சுருள்களை ஏற்றிய நீண்ட சரக்கு வண்டிகள் மலையடிவாரம் வரை ஒரே எஞ்சினுடன் வந்துவிடும். அதற்கப்பால் ஏற்றம். மழை பெய்து தண்டவாளம் நனைந்திருந்தால் சக்கரம் வழுக்கும், வண்டி நின்றுவிடும். ஆகவே அடிவாரத்தில் இன்னொரு எஞ்சின் பின்னால் வந்து, கடைசிப் பெட்டியைத் தொட்டு நின்று, உச்சி வரை தள்ளிக்கொடுக்கும். அதனை வண்டியோடு கொளுவிப் பிணைப்பதில்லை. உச்சி வந்ததும் வேகத்தைக் குறைத்து விலகிக்கொள்ளும். வண்டி அடுத்த பக்கம் இறங்கிப் போய்விடும். தள்ளிய எஞ்சின் தனியே திரும்பி அடிவாரத்துக்கு வந்து அடுத்த வண்டிக்காகக் காத்திருக்கும். அந்த எஞ்சினைத்தான் தம்பி ஓட்டினார்.

நான் வசிக்கும் எசன் நகரில் நடந்த ஒரு திருமணத்தில், எங்கள் ஊரவர் ஒருவர் பந்தியில் வைத்து அவரைக் கேட்டார்.

“தம்பி, நீர் ரயிலைப் பின்னாலை நிண்டு தள்ளுறீராம். மெய்யோ?”

“ஓம் அண்ணை. ஆனால் கையாலை இல்லை.”

“ஏன், முன்னுக்கு இருந்து ஓட்ட விடமாட்டினமோ?”

“முன்னுக்கு இருக்கிறவருக்கு ஏலாமல் போனால்தான் என்னைக் கூப்பிடுறவை. நீங்கள் வடிவாச் சாப்பிடுங்கோ.”

பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த வேலை எவ்வளவு பொறுப்பானது என்பது எனக்குத் தெரியும்.

பின்னால் நிற்கும் சாரதிக்கு முன்னால் இருக்கும் எதுவும் தெரியாது. சமிக்ஞை தெரியாது, வளைவு தெரியாது. முன் எஞ்சின் திடீரென நிற்க, பின்னால் இருப்பவர் தொடர்ந்து தள்ளினால், நடுவில் உள்ள பெட்டிகள் நெருக்குண்டு தண்டவாளத்தை விட்டு எழும்பிவிடும். ஆகவே இருவரையும் இணைப்பது ரேடியோவில் கேட்கும் குரல் மட்டுமே. முன்னால் இருப்பவர், “தள்ளும் எஞ்சின், தயாரா?” என்று கேட்பார். பின்னால் இருப்பவர், “தயார்” என்று சொல்ல வேண்டும். அந்தப் பதில் வராமல் வண்டி நகரக்கூடாது என்பது விதி. முன் எஞ்சின் சாரதிகளுள் தம்பியோடு மிக அதிகமாக ஏற்றம் ஏறியவர் யூர்கன் என்னும் ஜேர்மானியர். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் நேரில் கண்டதேயில்லை. இடையில் எப்போதும் ஒரு முழு வண்டி நின்றது.

சில குளிர்காலங்களுக்கு முன்னர் தம்பியின் குரல் கம்மியது. எஞ்சின் அறையின் குளிர்காற்று என்றே நினைத்தோம். துணைவியார் கொத்தமல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் அவித்துப் போத்தலில் கொடுத்தனுப்பினார். சிறப்பு வைத்தியரிடம் பெற்ற திகதி அவருடைய வேலைநேரத்தில் விழுந்ததால் அதனை ஒருமுறை மாற்றினார். இறுதியில் பரிசோதித்தபோது குரல்வளையில் புற்றுநோய் என்றார்கள்.

இந்த இடத்தில் ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்துவது என் கடமை. தொண்டைப் புற்றுநோய் என்றதும், அது குடியினால் வந்தது என்று சில மண்டபங்களில் பேசப்பட்டது. அது என் காதுக்கும் வந்தது. தம்பி மதுவைத் தொட்டவரல்லர். பேசியவர்கள் யார் என்பது எனக்குத் தெரியும். அவர்களும் இம்மலரை வாசிப்பார்கள்.

குரல்வளையை முழுவதும் அகற்றிவிடுவதே பாதுகாப்பானது என்று வைத்தியர்கள் கூறினார்கள். கதிர்ச் சிகிச்சையும் செய்யலாம், குரல் தப்பும், ஆனால் நோய் திரும்பக்கூடும் என்றும் கூறினார்கள். நான் எசனிலிருந்து அவருடைய வீட்டுக்குச் சென்று சமையலறை மேசையில் வைத்துக் கதைத்தேன்.

“அகற்றச் சொல்லும். உயிர் இருந்தால்தானே மற்றதெல்லாம்” என்றேன்.

“அக்கா, கதைக்க ஏலாத ஆளை ஆர் பின்னுக்கு நிக்க விடுவினம்?”

“வேலை போனால் போகட்டும்.”

“உங்களுக்கென்ன, பென்சன் எடுத்திட்டீங்கள்.”

பக்கத்தில் நின்ற மகள் குறுக்கிட்டார். “அப்பா, கழுத்திலை ஒரு கருவி வைச்சுக் கதைக்கலாம். நான் வீடியோவிலை பார்த்தனான்.”

“அந்தச் சத்தத்தைக் கேட்டால் யூர்கன் பயந்து பிரேக் போட்டிடுவான், பிள்ளை.”

அவர் கதிர்ச் சிகிச்சையைத் தெரிந்தெடுத்தார். அது அறியாமையால் எடுத்த முடிவன்று. முகாமில் பல ஆண்டுகள் வேலை செய்ய அனுமதியின்றி இருந்தவர் அவர். தான் எவருக்கும் தேவைப்படாத ஒருவராக இன்னொரு முறை வீட்டில் அமர்ந்திருப்பதை அவரால் எண்ணிப்பார்க்க முடியவில்லை. சிகிச்சை பலித்தது. குரல் திரும்பியது. நிறுவன வைத்தியர் தகுதிச் சான்று வழங்க, மீண்டும் மலையடிவாரத்துக்குப் போனார். நாங்களும் நம்பிவிட்டோம்.

அதன் பின்னர்தான் வீட்டில் அவர் கதைப்பதை நிறுத்தினார். துணைவியார் கேட்டால் தலையசைப்பார். மகள் தொலைபேசியில் அழைத்தால் எடுக்கமாட்டார். துணைவியார் என்னிடம் அழுதார்.

“மச்சாள், என்னோடை என்ன கோவம் எண்டு ஒருக்கால் கேட்டுச் சொல்லுங்கோ. சோறு போடட்டோ எண்டு கேட்டாலும் கையைத்தான் காட்டுறார்.”

கணவன் மனைவிக்கிடையே பிணக்கு என்று வெளியிலும் கதை பரவியது. பிணக்கு எதுவும் இருக்கவில்லை. நோய் திரும்பியிருந்தது. குரல் மீண்டும் தேய்வதை அவர் ஒருவரே அறிந்திருந்தார். மிஞ்சியிருந்த கொஞ்சக் குரலை வீட்டில் செலவழிக்காமல் வேலைக்காகச் சேமித்துக்கொண்டிருந்தார். மனைவியிடமும் மகளிடமும் சொல்லவேண்டிய சொற்கள் எல்லாம் “தயார்” என்ற ஒரு சொல்லுக்காக நிறுத்திவைக்கப்பட்டன. இதனை நாங்கள் அறிந்தபோது காலம் கடந்துவிட்டது.

அது ஒரு மழை நாள் முற்பகல். உருக்கு வண்டி அடிவாரத்தில் நின்றது. தம்பி பின்னால் வந்து கடைசிப் பெட்டியைத் தொட்டு நின்றார். யூர்கன் வழக்கம்போலக் கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். ரேடியோவில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்ததாம். விதிப்படி அவர் வண்டியை நகர்த்தவில்லை. தகவல் கிடைத்து ஊழியர் ஒருவர் மழையில் வண்டியின் நீளம் முழுவதும் நடந்து சென்று பார்த்தபோது, தம்பி ரேடியோக் கருவியை வாயருகே பிடித்தபடியே அமர்ந்திருந்தார்.

நுரையீரலுக்குப் பரவிவிட்டது என்றும், இனிக் குரல்வளையை அகற்றிப் பயனில்லை என்றும் வைத்தியசாலையில் கூறினார்கள். எதைக் காப்பாற்றுவதற்காக உயிரைப் பணயம் வைத்தாரோ அதுவும் போயிற்று, உயிரும் நிற்கவில்லை. நான் கட்டிலருகே அமர்ந்திருந்த ஒரு மாலை, என்னைக் குனியச் சொல்லிக் கைகாட்டினார். காதில் காற்றாக வந்தது.

“அக்கா, நான் தயார் எண்டுதான் சொன்னனான். வெளியிலை வரேல்லை.”

என்னோடு அவர் பேசிய கடைசி வார்த்தைகள் அவை. துணைவியாருக்கும் மகளுக்கும் அந்த அளவுகூடக் கிடைக்கவில்லை. இதற்கு ஆறுதலாக எதையேனும் எழுதவேண்டும் என்று பல முறை முயன்றேன். பட்டதாரியான எனக்கு எதுவும் அகப்படவில்லை. அகப்பட்டதாகப் பாவனை செய்வது தம்பிக்குச் செய்யும் மரியாதையாகாது.

சிகிச்சையளித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், துயருற்ற நாட்களில் சமைத்துக் கொண்டுவந்து தந்த அயல் குடும்பங்களுக்கும், பீலெஃபெல்டிலிருந்தும் ஏனைய நகரங்களிலிருந்தும் வந்து தோள் கொடுத்தவர்களுக்கும், கிரியைகளை முறைப்படி நிறைவேற்றிய சிவாச்சாரியாருக்கும், இம்மலரை அச்சிட்டு உதவியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது.

இறுதியாக யூர்கன் அவர்களுக்கு. ஈமக்கிரியை நாளில் கறுப்பு மேலங்கி அணிந்த உயர்ந்த மனிதர் ஒருவர் மண்டப வாசலில் தயங்கி நின்றார். மகள் சென்று யாரென்று விசாரித்து அழைத்து வந்தார். தம்பியின் முகத்தை அவர் முதன்முறையாகப் பார்த்தது அப்பொழுதுதான். நெடுநேரம் பார்த்தார். பிறகு, ஒரு வார்த்தை கேட்கலாமா என்று மகளிடம் அனுமதி பெற்று, பேழையின் தலைமாட்டில் நின்று, ஜேர்மன் மொழியில், வேலையில் கேட்கும் அதே குரலில் கேட்டார்.

“தள்ளும் எஞ்சின், தயாரா?”

சிவாச்சாரியார் மந்திரத்தை நிறுத்தினார். யூர்கன் ரேடியோவில் காத்திருப்பதுபோலவே தலையைச் சற்றுச் சாய்த்துக் காத்திருந்தார். பின்னர் போய்க் கடைசி வரிசையில் அமர்ந்துகொண்டார்.

பதில் வரும்வரை வண்டி புறப்படக்கூடாது என்பது அவர்களுடைய விதி. எங்களுக்கு அந்த விதி இருக்கவில்லை. மண்டபத்தில் எங்களுக்குக் குறித்த நேரம் முடிந்து, அடுத்த ஈமக்கிரியைக்குரிய குடும்பம் வெளியே பூக்களுடன் காத்திருந்தது. நாங்கள் அவரை அனுப்பிவைத்தோம்.