வேகமாகச் சுற்ற வேண்டிய பாட்டு

பேரன் பிறந்து நாற்பது நாளாகிறது. அவன் கொட்டாவி விடுவதைப் பார்ப்பதற்காகவே மத்தியானம் உப்பளத்திலிருந்து வீட்டுக்கு ஓடி வருகிறேன். இந்தச் சந்தோஷத்துக்கு நடுவிலேயே என் மச்சான் சகாதேவனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

சகாதேவன் என் மனைவியின் தம்பி. முப்பது வருஷம் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரினான். வாரும்போது பாடுவான். என் மகள் கீதாஞ்சலி கைக்குழந்தையாக இருந்தபோது அவன் பாடினால்தான் தூங்குவாள். போன வருஷம் தொண்டையில் கட்டி வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் இருக்கும் ஓட்டை வழியாகத்தான் மூச்சு. பேச்சு இல்லை. எழுதவும் தெரியாது.

முப்பதாம் நாள் தொட்டில் போடும்போது தாய்மாமன்தான் முதலில் தாலாட்ட வேண்டும். கீதாஞ்சலிக்கு உடன்பிறந்தவன் இல்லை. அந்த இடம் சகாதேவனுக்கு.

மழை மாதங்களில் அவன் பொம்மையார்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் தோட்ட வேலை பார்ப்பான். அங்கே தங்கியிருந்த வெள்ளைக்காரம்மா ஒரு பாட்டுப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். உள்ளே சீப்பு மாதிரி பதினைந்து இரும்புப் பல். நீள அட்டையில் ஓட்டை போட்டு உள்ளே விட்டுக் கைப்பிடியைச் சுற்றினால், ஓட்டை வரும் இடத்தில் பல் அதிரும்.

ஆனால் ஒரே பல்லை உடனே மறுபடி தட்டினால் சத்தம் வராது. இரண்டு ஓட்டைக்கும் நடுவில் ஒரு சுண்டு விரல் அகலம் வேண்டும். கீதாஞ்சலியைத் தூங்கவைத்த தாலாட்டைத்தான் அவன் அதில் ஏற்றப் பார்த்தான். அது தொடங்குவதே ஒரே சுரத்தில், மூன்று தரம், மடமடவென்று.

"பாட்ட மாத்திடு மச்சான். யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

அவன் மாட்டேன் என்று தலையாட்டினான். ஏழு அட்டையைக் கெடுத்தான். எட்டாவதில் எல்லா ஓட்டையையும் தள்ளித் தள்ளிப் போட்டான். அட்டை இரண்டு ஆள் நீளம் வந்தது. கைப்பிடியைப் பம்பரமாகச் சுற்றினான். அப்படியே அவன் பழைய பாட்டு. நான் ஒருவன்தான் கேட்டேன்.

முப்பதாம் நாள் பெட்டியோடு தொட்டிலருகே குனிந்தான். சம்பந்தியம்மா அமுதவல்லி குறுக்கே வந்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. கழுத்துல ஓட்டைய வெச்சிக்கினு புள்ள மேல குனியறாரு, எதனா தெறிச்சிடப் போவுது. தங்கராசு, நீ வாங்கிச் சுத்துடா."

தங்கராசு அவள் தம்பி. கைக்குழந்தைக்கு என்பதால் மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றினான். டங். ரொம்ப நேரம் கழித்து இன்னொரு டங்.

"இன்னாப்பா இது, கொழாய்ல தண்ணி சொட்டுதா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

எல்லோரும் சிரித்தார்கள். சகாதேவன் கையை வேகவேகமாகச் சுற்றிக் காட்டினான்.

"மாமா ராட்டினம் சுத்துறாரு பாரு" என்றான் தங்கராசு. இன்னும் சிரிப்பு.

சகாதேவன் பெட்டியைப் பிடுங்கப் போனான். கழுத்து ஓட்டையிலிருந்து புஸ்ஸென்று காற்று வந்தது. குழந்தை வீறிட்டு அழுதது.

"பயந்துடுச்சி பாருங்க. வெளிய இட்டுனு போங்க அவர" என்றாள் சம்பந்தியம்மா.

வேகமா சுத்துங்க என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சம்பந்தியம்மா முகம் கோணுமே, மகள் திரும்பிப் போய் வாழ வேண்டிய வீடாயிற்றே என்று, பெட்டியை அட்டையோடு வாங்கி மச்சான் கையில் கொடுத்து, தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டேன்.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. நேற்று உப்பளத்தில் அவன் பாத்திப் பக்கம் போனேன். அந்த அட்டை உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் கீதாஞ்சலி கேட்டாள். "அப்பா, மாமா இன்னா பாட்டு வெச்சிருந்தாரு அதுல?"

"தெரியலம்மா" என்றேன். பேரன் என் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டிருந்தான்.