தார்ப்பாயின் நாலு மூலை

காலை நாலே முக்காலுக்குப் புதுச்சேரியில் பேருந்து ஏறினேன். மரக்காணம் முப்பத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் நாற்பது ரூபாய். பயண நாளில் கிளம்பும் முன் நான் தண்ணீர் குடிப்பதில்லை. பேருந்து நிலையக் கழிப்பறைகள் எனக்குக் கற்றுத் தந்த விரதம் அது.

ஆறு மணிக்கு மரக்காணம். "உப்பளம் பாக்கவா போறீங்க? ஒம்போது மணிக்கு மேல வெயில் தாங்காதுங்க, தண்ணி வாங்கிக்கங்க" என்றார் ஆட்டோக்காரர். மூன்று பாட்டில், அறுபது ரூபாய். ஆட்டோவுக்கு எண்பது.

இறங்கிப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய மட்டும் பாத்திகள்; ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வானம் கிடந்தது. ஒரு முழ அகல வரப்பில் பதினொரு பெண்கள் தலையில் உப்புக் கூடையோடு வரிசையாக வந்தார்கள். மேட்டில் கொட்டிவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஒரு கூடையை நான் தூக்கிப் பார்த்தேன். முழங்காலுக்கு மேல் வரவில்லை. அவர்கள் அதைச் சுமந்துகொண்டு கிட்டத்தட்ட ஓடினார்கள்.

ஏழரை மணிக்கு மேட்டருகே பாட்டிலை நீட்டினேன். யாரும் வாங்கவில்லை. அந்நியர் கொடுத்தால் தயங்குவார்கள் போலும் என்று, மூடி திறக்காத பாட்டில்தான் எனக் காட்டினேன். சிரித்துவிட்டார்கள்.

"குடிச்சா எங்கம்மா போறது? சுத்திப் பாருங்க, ஒரு செடி இருக்குதா?" என்றார் முன்னால் நின்ற மல்லிகா.

இல்லை. உப்பு வாரும் ஆண்கள் கொஞ்சம் தள்ளித் திரும்பி நின்றுவிட்டு வருகிறார்கள். பெண்களோ நாலு மணிக்கு வந்து பதினொன்று வரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. எல்லாருக்கும் ஒரே வெயில்தான், ஒரே உப்புதான். ஆனால் நீர்க்கடுப்பும் கல்லும் பெண்களைத்தான் தேடிப் பிடித்திருந்தன.

மல்லிகாவுக்குப் பின்னால் நின்றவர் செல்வி. நாற்பது வயதிருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அன்றுதான் முதல் நாள் வேலை.

"ஒரு கிட்னி சுருங்கிப் போச்சுங்க. இன்னொண்ணு நிலைக்கணும்னா தெனம் மூணு லிட்டர் குடிக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"வேலையை விட்டுவிடலாமே?" என்று உளறினேன்.

"விட்டுட்டு?" என்றார்.

மல்லிகா என் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கித் திறந்தார். "குடிடீ. மத்தத நான் பாத்துக்கறேன்."

செல்வி குடித்தார். பாதியில் நிறுத்தியபோது மல்லிகா முறைத்தார், மீதியும் இறங்கியது.

எட்டரை மணிக்குக் கூடையைக் கொட்டிய செல்வி, குடித்த தண்ணீர் முட்டிக்கொண்டு வர, மேட்டில் அப்படியே நின்றுவிட்டார். ஒற்றை வரப்பில் ஒருத்தி நின்றால் பின்னால் அத்தனை பேரும் தலைச்சுமையோடு நிற்க வேண்டும். அதற்குப் பயந்தே இத்தனை வருடம் யாரும் நின்றதில்லையாம்.

"ஏம்மா, என்ன நிக்கறீங்க?" என்று மேஸ்திரி கத்தினார்.

மல்லிகா கூடையை இறக்கினார். உப்புக் குவியல் மேல் கிடந்த நீலத் தார்ப்பாயை உருவினார். "டேய், எல்லாரும் கடல் பக்கம் திரும்புங்கடா! மேஸ்திரி, நீங்களுந்தான்!"

உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். ஒரு கணம் விழித்துவிட்டு மேஸ்திரியும் திரும்பினார். மேட்டுக்கு அப்பால் தார்ப்பாயை வளைத்து மூன்று மூலைக்கு மூன்று பெண்கள் நின்றார்கள்.

"நீங்க நாலாவது மூலையப் புடிங்க" என்றார் மல்லிகா.

பிடித்தேன். செல்வி உள்ளே போனார். கடற்காற்று இழுத்த இழுப்பில் விரல் கடுத்தது. கோயில் கருவறை முன் நின்றபோதுகூட எனக்கு இப்படி மெய்சிலிர்த்ததில்லை. வெளியே வந்த செல்வி நேராக ஒரு மூலையை வாங்கிக்கொண்டார். அங்கே நின்றவர் உள்ளே போனார். அதற்குப் பிறகு மற்ற இரண்டு பாட்டில்களும் காலியாயின.

பதினொன்றரைக்குக் கிளம்பினேன். "நாளைக்கு நாலாவது மூலைக்கு யாரு?" என்று கேட்டேன்.

"ஒருத்தி உள்ள போனாலும் பத்து பேரு இருக்கோம்மா. நீங்க பத்திரமா போங்க" என்றார் செல்வி.

மரக்காணம் நிலையத்தில் இருபது ரூபாய்க்கு ஒரு பாட்டில் வாங்கினேன். என் வீட்டில் இரண்டு கழிப்பறை. இரண்டுக்கும் தாழ்ப்பாள் உண்டு. புதுச்சேரிக்கு ஒரு மணி நேரம். வழியில் எனக்காக மூலை பிடிக்க யாருமில்லை. பேருந்து நகர்ந்ததும் பாட்டிலைத் திறந்து முழுவதையும் குடித்தேன்.