தாய்மாமன் இலையில் விழுந்த பாவம்

என் கணவரின் அக்காவை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். பிறர் பாவத்தைக் கண்டுபிடிப்பதில் மதினிக்கு இருக்கும் சுறுசுறுப்பை அவருடைய வேறெந்த வேலையிலும் நான் பார்த்ததில்லை. தேனியில் எங்கள் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியத்துக்கு அவர்தான் தலைவி. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் பிறந்துவிட்டால், யார் எதை விட்டார்கள், விட்டதை யார் தொட்டார்கள் என்று நோட்டம் விடுவதே அவருக்குச் செபம்.

அந்த வருடம் என் கணவர் தவக்காலம் முழுவதும் கறி சாப்பிடுவதில்லை என்று முடிவெடுத்தார். யாரும் சொல்லவில்லை, அவராகவே நினைத்துக்கொண்டதுதான். மதினி சீனியை விட்டார். அதாவது வெள்ளைச் சீனியை மட்டும். கருப்பட்டிக் காப்பி வழக்கம்போல ஓடியது. கேட்டால், "அது பனையில இருந்து வர்றது, அது எப்படிச் சீனியாகும்?" என்பார். ஆண்டவரையே வாயடைக்க வைக்கும் வாதம்.

என் கணவர் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ஜெயமங்கலத்தில் வாழை போட்டிருக்கும் ஒரு விவசாயி, பழுதான மோட்டாரோடு கடைக்கு வந்து சிநேகமானவர். இருவரும் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். தவக்காலத்தின் நடுவில் ஒருநாள் அவர் வெற்றிலை பாக்குத் தட்டோடு வீட்டுக்கு வந்தார். மகளுக்குக் காது குத்துகிறார்களாம்.

"என் வீட்டுக்காரிக்குக் கூடப்பிறந்தவக யாருமில்ல மாப்ள. தாய்மாமனா இருந்து நீதான் மடி குடுக்கணும்," என்றார்.

என் கணவருக்கு வாயெல்லாம் பல். வேறு சாதி, வேறு மதம், ஆனாலும் தாய்மாமன். சீர்த்தட்டுகளை நாங்கள் சுமந்து போனோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் குலசாமி கோவிலில் மொட்டையடித்த குழந்தை அவர் மடியில் அலறியது. அவர் கண்ணும் கலங்கியது. பந்தியில் முதல் இலை தாய்மாமனுக்கு. குழந்தையின் அம்மா தன் கையாலேயே ஈரலை எடுத்து வைத்து, "சாப்பிடுங்கண்ணே," என்றபடி எதிரிலேயே நின்றாள். என் கணவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு சாப்பிட்டார். ரசித்துத்தான் சாப்பிட்டார்.

யாரோ அந்தப் பந்தியைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் அது அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. போட்டவர் மதினி. கீழே, "சோதனையில் விழுந்த என் தம்பிக்காகச் செபியுங்கள்." கூப்பிய கைகள் வேறு வரிசையாக. அதற்குக் கீழே தெருவே கைகூப்பியிருந்தது. சாப்பாட்டு இலையைப் படம்போட்டு ஒருவனைச் செபத்தில் ஏற்றுவதற்கு எவ்வளவு பக்தி வேண்டும்!

அதோடும் விடவில்லை. மறுநாளே வீட்டுக்கு வந்தார்.

"ஆண்டவருக்குக் குடுத்த வாக்க மீறிட்டியேப்பா. இது சாவான பாவம். பாவசங்கீர்த்தனம் பண்ணாம நன்மை வாங்கிராத."

என் கணவர் மோட்டாருக்குள் கம்பி சுற்றத் தெரிந்தவர், அக்காவிடம் பேசத் தெரியாதவர். அடுத்த ஞாயிறு திருப்பலியில் எல்லோரும் நன்மை வாங்க, அதாவது சாமி கையால் திவ்ய அப்பம் வாங்க, வரிசையில் போனபோது அவர் எழுந்திருக்கவில்லை. தலைகுனிந்து பெஞ்சிலேயே இருந்தார். மதினி வாங்கிவிட்டு, கைகூப்பியபடி, இவரைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே போனார்.

விஷயம் எப்படியோ ஜெயமங்கலம்வரை போய்விட்டது. சிநேகிதர் வந்தார். உட்காரக்கூட இல்லை.

"எங்க வீட்டுச் சோறு உனக்குப் பாவமாயிருச்சாமே மாப்ள? நாங்களும் மலைக்கு மாலை போடுறவகதான். ஒரு வார்த்த சொல்லியிருந்தா உனக்குச் சாம்பார் வச்சிருப்பமே."

என் கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் மனசாரத்தான் சாப்பிட்டேன்," என்றார்.

அன்று சாயங்காலமே என் கணவரை எங்கள் கோவில் பாதிரியாரான பங்குச்சாமியிடம் இழுத்துக்கொண்டு போனேன். சாமி முழுவதையும் கேட்டுவிட்டு, "ஆண்டவர்கிட்ட நேர்ச்சையா வாக்குக் குடுத்தீங்களா, இல்ல மனசுல நினைச்சீங்களா?" என்றார்.

"நினைச்சேன் சாமி."

"அப்ப அது பாவமே இல்ல. சாம்பல் புதன், பெரிய வெள்ளி, மத்த வெள்ளிக்கிழமைக, இது திருச்சபை சொன்னது. அதை வேணும்னே மீறினாத்தான் பாவக்கணக்கு. நீங்களா ஏத்துக்கிட்ட ஒறுத்தல் தவறிப்போனா, மறுபடி ஆரம்பிங்க. அதோட அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, நோன்பு நாளே கிடையாது. பிள்ளைக்கு மடி குடுத்துட்டு இலைய ஒதுக்கியிருந்தாத்தான் நான் திட்டியிருப்பேன்."

என் கணவர் சிரித்தார். ஒரு வாரமாக அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை.

மதினியிடம் நானே போய்ச் சொன்னேன். "சாமி சின்ன வயசு. இந்தக் காலத்துச் சாமிக எல்லாத்துக்கும் விட்டுக் குடுத்துருவாக," என்றார். பாவமில்லை என்று கேட்டதும் அவர் முகத்தில் நிம்மதியைத் தேடினேன். ஏமாற்றம்தான் இருந்தது. கையிலிருந்த கைதியை யாரோ விடுவித்துவிட்டது போல.

"ஆளோட இலையப் படம்போட்டது எந்தக் கணக்குல வரும் மதினி?"

"நான் செபிக்கத்தானே சொன்னேன்," என்றார், கண் இமைக்காமல்.

அடுத்த ஞாயிறு என் கணவர் வரிசையில் நின்று நன்மை வாங்கினார். ஈஸ்டர்வரை மறுபடி கறி தொடவில்லை. ஈஸ்டர் அன்று ஜெயமங்கலத்துக்காரர் குடும்பத்தோடு எங்கள் வீட்டில் சாப்பிட்டார். நான் அந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிவிட்டேன். எனக்காக மதினி இப்போது தனியாகச் செபிப்பதாகக் கேள்வி. செபிக்கட்டும், அவருக்கும் பொழுது போகவேண்டுமே.